ஜன்னல் பாக்கி

காப்பிக்கும் மிளகுக்கும் கடன் கேட்டு வருகிறவர்களைக்
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எடைபோடுவது
பதினோரு வருடமாக என் பிழைப்பு.
பத்திரம் புரட்டும் விரலைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
கட்டுவாரா, இழுப்பாரா என்று.

அந்தக் கண்ணைத்தான்
ஐந்து ரோட்டில் ஒருவர் இரண்டாயிரத்துக்கு ஏமாற்றினார்.
காதில் பென்சில், கையில் டேப்,
"காலைல மொத பஸ்ஸில மலையேறிடறேன் மேடம்."
இருபது கொண்டை ஊசியும் சுற்றி பஸ் வந்தது.
அவர் வரவில்லை.
என் போனில் இன்னும் இருக்கிறார்,
'சேலம் ஆசாரி நல்லவர்' என்ற பெயரில்.

அடுத்தவர் செவ்வாய்ப்பேட்டை. வந்தார், அதுவரை சரி.
ஐப்பசி அடைமழையில், ஊதிப்போன வாசல் கதவை
"இடிக்குதா? இழைச்சா தீந்துது" என்று
சுருள் சுருளாய்த் தள்ளினார்.
அன்றைக்கு வெண்ணெய் மாதிரி சாத்திக்கொண்டது.
பங்குனியில்
அந்த இடுக்கு வழியே
எதிர்வீட்டில் என்ன சீரியல் என்பது வரை தெரிந்தது.

ஒண்டிக்கடை ஹார்டுவேர்காரர் தன் மச்சானைச் சொன்னார்.
மச்சான், தான் செய்த கட்டில் என்று போனில் படம் காட்டினார்.
கட்டிலுக்குப் பின்னால் ஜன்னல்.
ஜன்னலுக்கு வெளியே
ஊசியிலை மரங்களின்மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
ஏற்காட்டில் குளிர்தான். ஆனாலும் அவ்வளவு இல்லை.

இஞ்ஞாசியை எனக்கு யாரும் சொல்லவில்லை.
எங்கள் கிளையில் பியூனாக இருந்த அந்தோணிராஜ் இறந்தபோது
கல்லறையில் பெட்டியை இறக்கக் கயிறு போட்டுத் தூக்கினார்கள்.
குடைக்குள் நின்ற என் கண்ணுக்கு நேரே வந்தது
அதன் அடிப்பாகம்.
சில்வர் ஓக் பலகை. உப்புத்தாள் போட்டு வழவழவென்று.
மண் மட்டுமே பார்க்கப்போகிற பக்கம்.

பாதிரியார் ஜெபத்தை முடிக்கவில்லை,
பக்கத்தில் நின்றவரின் காதில் கேட்டுவிட்டேன்:
"இதச் செஞ்சது யாருங்க?"
அவர் என்னைப் பார்த்த பார்வை
இன்னும் என்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாகலூரிலிருந்து வந்தார். நனைந்த மஃப்ளர், சின்னப் பை.
படுக்கையறைக் கதவை விரல் முட்டியால் தட்டினார்.
கீழ் ஓரத்தில் நகத்தை அழுத்தினார்.
பையைத் திறக்கவே இல்லை.
"இப்ப கை வெக்கக் கூடாதுங்க. மரம் தண்ணி குடிச்சிருக்கு.
தானா வத்தட்டும். தை கழிச்சி வரேன்."
முன்பணம் நீட்டினேன்.
பஸ்ஸுக்கு முப்பது மட்டும் வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம்
சாத்தாத கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துத் தூங்கினேன்.
தை போனது. மாசி பிறந்தது.
போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.
சரி, இவரும்தான், என்று
மனதுக்குள் கணக்கை முடித்துச் சிவப்பு மையில் கோடும் போட்டாயிற்று.
மறுநாள் நாகலூர் பஸ் கண்டக்டர்
வங்கி வாசலில் நிறுத்திக் கத்தினார்:
"மேடம், ஆசாரி ஞாயித்துக்கிழம பூச முடிச்சிட்டு வராராம்.
அங்க டவர் இல்லையாம்!"

வற்றிய கதவில் ஒரு கைப்பிடிச் சுருள்தான் எடுத்தார்.
ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்.
கூலி சொல்லும்போது தலையைச் சொறிந்தார்.
"எழுநூறுங்க. ஆனா ஐநூறு குடுங்க.
மேல் கீலுகிட்ட விரிசல் உட்டுட்டேன்.
நீங்க பாத்திருக்க மாட்டீங்க."
பார்க்கவில்லைதான்.
ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்து,
அவர் காட்டிய பிறகும்
கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது.

நேற்று மேலாளர் கேட்டார்,
கொடுத்தால் செய்து முடிக்கிற ஆசாரி யாராவது உண்டா,
வீட்டில் ஷெல்ஃப், சமையலறை முழுக்க, இரண்டு மாத வேலை.

எனக்கு இன்னும் ஜன்னல் இரண்டு பாக்கி.
வாசல் கதவு வேறு.

"தெரியலையே சார்" என்றேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து,
கண்ணைப் பார்த்து.